தோளில் நிற்காத வார்

கேள்வி: ரைபிளைத் தோளில் மாட்டி நடந்தால் பத்தடிக்கு ஒருமுறை வார் நழுவி முழங்கைக்கு வந்துவிடுகிறது. தோளைத் தூக்கியே நடந்து கழுத்து வலிதான் மிச்சம். வழி உண்டா?

பதில்: எனக்கும் சரிந்த தோள்தான், அந்த வலி தெரியும். முதலில் வாரின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். வழவழ நைலானா? மேலே போடும் கோட்டும் நைலானா? அப்புறம் எப்படி நிற்கும்! தோளில் படும் இடத்தில் ரப்பர் பட்டையோ சொரசொரப்பான தோலோ தைத்துவிடுங்கள்.

நான் செய்தது இன்னும் எளிது. கோட்டின் தோள் முனையில் பெரிய பட்டன் ஒன்றைத் தடித்த நூலால் தைத்தேன். வார் அதில் முட்டி நின்றுவிடுகிறது. பார்க்க அழகில்லை, வீட்டில் கேலியும் உண்டு. ஒன்று கவனம்: சுடும்போது துப்பாக்கியின் பின்கட்டை பதியும் தோள்குழியில் பட்டன் வரக் கூடாது. எனக்கு முதல் முறை வந்தது, ஒரு வாரம் நீலம் பாரித்திருந்தது.

வார் நீளமாக இருந்தால் குறையுங்கள். தொங்கினால் துப்பாக்கி ஆடும், ஆட ஆட வார் நகரும். இதையெல்லாம் குண்டு இல்லை என்று திறந்து பார்த்த பிறகே செய்யுங்கள். நெடுநடை என்றால் தலைவழியாக மார்புக்குக் குறுக்கே போட்டுக்கொள்ளுங்கள். எடுக்கக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.