காதில் விழாத மருந்துப் பெயரை ஊகித்து எழுதலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தே மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் செய்கிறேன்; டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு ரிப்போர்ட்டாக டைப் செய்யும் வேலை. எல்லாம் அமெரிக்க மருத்துவமனை ஃபைல்கள். டாக்டர்கள் வேகமாகப் பேசும்போது மருந்துப் பெயரும் அளவும் பிடிபடுவதில்லை. பிளாங்க் விட்டால், எங்களுக்கு வேலை பிரித்துத் தருபவர் காசு பிடிக்கிறார். வாட்ஸ்அப் குழுவில் ஆடியோவைப் போட்டுக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. இது போதாதென்று, சர்க்கரை நோய்க்கு 'டைப் டூ' என்பதை ரோமன் எண்ணில் எழுதினால் தப்பு, கேன்சர் ஸ்டேஜை ரோமனில் எழுதாவிட்டால் தப்பு என்று க்யூஏ (தரம் பார்க்கும் பிரிவு) மார்க் குறைக்கிறது. நான் எதைப் பின்பற்றுவது? – ஒரு வாசகி, ஈரோடு

பதில்: காதில் விழாததை எழுதாதீர்கள். பிளாங்க் விடுங்கள். காசு பிடித்தாலும் விடுங்கள். காசு பிடிப்பவரை என்ன செய்வது என்று பிறகு சொல்கிறேன்.

ரிப்போர்ட்டில் ஓர் இடம் காலியாக இருந்தால், அதைப் படிக்கும் நர்ஸ் நின்று டாக்டரிடம் கேட்பார். தப்பான மருந்து, எழுத்துப் பிழையே இல்லாமல் டைப் ஆகியிருந்தால் யாரும் நிற்கப் போவதில்லை. அலபாமா மாநிலத்தில் 2008-ல் இப்படித்தான் ஆனது. 8 யூனிட் இன்சுலின் என்று இருக்க வேண்டியது டிஸ்சார்ஜ் சம்மரியில் 80 யூனிட் என்று போய்விட்டது. இந்தியாவுக்கு அனுப்பி டைப் செய்து வாங்கிய ரிப்போர்ட் அது. அந்த அளவை அப்படியே கொடுத்ததில் நோயாளியான அம்மா உயிர் பிழைக்கவில்லை. 2012-ல் ஜூரி 14 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பூஜ்யம் ஒன்றுதான் கூடியது.

பெயர்கள் குழம்புவதற்கு உங்கள் காதைக் குறை சொல்லாதீர்கள். மன அழுத்தத்துக்கான 'பிரிண்டெலிக்ஸ்', ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் 'பிரிலிண்டா' இரண்டையும் டாக்டர்களும் மருந்துக் கடைக்காரர்களுமே மாற்றி எடுத்ததால், 2016-ல் முதல் மருந்தின் பெயரையே 'டிரிண்டெலிக்ஸ்' என்று மாற்ற வேண்டி வந்தது. படித்தவர்களுக்கே இந்த நிலை என்றால், வாயில் சாண்ட்விச்சோடு நடந்துகொண்டே டிக்டேட் செய்பவரின் குரலை ஹெட்ஃபோனில் கேட்கும் உங்களுக்கு எப்படி இருக்கும்?

சரி, பிளாங்க் விடுவதற்கு முன் என்ன செய்யலாம்? ஒரே இடத்தைப் பத்துத் தடவை ஓட்டிக் கேட்காதீர்கள்; கேட்கக் கேட்க, நீங்கள் நினைத்த சொல்லே காதில் விழ ஆரம்பித்துவிடும். இரண்டு தடவை கேளுங்கள், விட்டுவிட்டு மேலே போங்கள். ரிப்போர்ட் முழுக்க முடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். வேகத்தைக் குறைத்துக் கேட்பதுதான் எல்லோரும் செய்வது. சில குரல்களுக்கு வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால்தான் சொல் பிடிபடும். அதையும் பாருங்கள்.

அப்புறம், அந்தச் சொல்லைத் தனியாகப் பார்க்காமல் சுற்றியிருப்பதைப் பாருங்கள். 'செலெ...' என்று ஆரம்பித்து 'க்ஸ்' என்று ஏதோ முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். செலெக்ஸாவா, செலிப்ரெக்ஸா? செலெக்ஸா மன அழுத்தத்துக்கு. 10, 20, 40 மில்லிகிராம் மாத்திரைகளாக வரும். செலிப்ரெக்ஸ் மூட்டுவலிக்கு; அதிகம் எழுதுவது 100, 200. டாக்டர் 'இருநூறு' என்று தெளிவாகச் சொல்லி, மேலே முழங்கால் ஆர்த்ரைட்டிஸ் என்று இருந்தால் செலிப்ரெக்ஸ் என்று தைரியமாக எழுதலாம். நோயாளிக்கு மன அழுத்தமும் இருக்கிறது, மூட்டுவலியும் இருக்கிறது, எண்ணும் மங்கலாக இருக்கிறது என்றால் பிளாங்க்தான். ஹைட்ராலசின், ஹைட்ராக்ஸிசின் ஜோடியில் எண்ணை வைத்துப் பிரிக்கவே முடியாது. இரண்டிலும் 25, 50 மில்லிகிராம் உண்டு. முன்னது ரத்த அழுத்தத்துக்கு, பின்னது அரிப்புக்கும் பதற்றத்துக்கும். எதற்காகக் கொடுக்கிறார் என்பது ரிப்போர்ட்டில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையா, பிளாங்க்.

உடலுறுப்புச் சொற்கள் இதைவிட எளிது. 'இலியம்' என்று கேட்டால், குடல் ஆபரேஷன் ரிப்போர்ட்டில் அது சிறுகுடலின் கடைசிப் பகுதி, எலும்பு ஆபரேஷன் ரிப்போர்ட்டில் இடுப்பெலும்பு. ஸ்பெல்லிங்கில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். எந்த ரிப்போர்ட் என்று தெரிந்தால் போதும். எண்களில் மட்டும் சூழலை நம்பாதீர்கள். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டில் எது என்று டாக்டர் 'ஒன் ஃபைவ்' அல்லது 'ஃபைவ் ஜீரோ' எனப் பிரித்துச் சொல்லியிருந்தால் எழுதுங்கள். சொல்லவில்லை, உங்களுக்கும் சந்தேகம் என்றால், பிளாங்க்.

பழைய ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்து எழுதலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அதே நோயாளியின் பழைய ரிப்போர்ட்டுகள் உங்கள் திரையில் திறக்குமென்றால் அது பெரிய உதவி. அனுப்பிவைத்த டாக்டரின் பெயர், ஐந்து வருடத்துக்கு முன் நடந்த ஆபரேஷனின் பெயர், பொருத்திய கருவியின் பெயர் இதெல்லாம் மாறப் போவதில்லை. அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். மருந்துப் பெயரின் ஸ்பெல்லிங்கைச் சரிபார்க்கவும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இன்றைய குரலில் அந்த மருந்து ஓரளவு தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும். அளவை மட்டும் எடுக்கவே கூடாது. நோயாளி திரும்ப டாக்டரிடம் வருவதே பல நேரம் அளவை மாற்றத்தான். போன மாதம் 25 என்று இருந்தது, இன்று மங்கலாகக் கேட்கிறது, அதனால் 25 என்று போட்டால், டாக்டர் அன்றைக்குச் செய்த ஒரே மாற்றத்தை நீங்கள் அழித்துவிட்டீர்கள். 'பழைய மருந்துகளையே தொடரவும்' என்று டாக்டர் சொல்லியிருந்தால்? அப்போது அந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். பட்டியலை நீங்களாகக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். ஒட்டச் சொல்லி அந்த அக்கவுண்டில், அதாவது வேலை தரும் அந்த மருத்துவமனையின் விதிகளில், எழுத்து மூலமாக இருந்தால் ஒழிய.

பிளாங்க் விடுவதிலும் முறை இருக்கிறது. வெறும் கோடு போட்டு அனுப்பினால் சோம்பேறித்தனம் என்றுதான் க்யூஏ நினைக்கும். ஆடியோவில் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி, எந்தச் சொல் போலக் கேட்கிறது என்று குறிப்புப் போடுங்கள். அந்தக் குறிப்பு இருந்தால் அனுபவமுள்ள ஒருவர் அரை நிமிடத்தில் நிரப்பிவிடுவார்.

வாட்ஸ்அப் குழுவுக்கு வருகிறேன். இன்றே நிறுத்துங்கள். 1996-ல் அமெரிக்காவில் வந்த ஹிப்பா சட்டம் நோயாளியின் தகவலைக் காக்கச் சொல்கிறது. 2013-ல் வந்த விதிகள், கம்பெனியிடம் உள்வேலை எடுத்துச் செய்பவர்களையும் அந்தப் பொறுப்புக்குள் கொண்டுவந்தன. பெயர் வராத நாலு விநாடித் துண்டுதானே என்பீர்கள். அந்தத் துண்டு எந்த நோயாளியைப் பற்றிய ஃபைலில் இருந்து வந்தது, அவருக்கு மூட்டுவலியா மன அழுத்தமா என்று குழுவில் யாருக்கும் தெரியாது. தெரியாமல்தான் ஆளுக்கொரு பதில். கேட்டும் பயனில்லை, மாட்டினால் வேலையும் போகும். கூகுளில் தேடுவதும் பாதி உதவிதான். நீங்கள் அரைகுறையாக அடித்ததற்கு அது சரியான ஸ்பெல்லிங்கோடு ஏதோ ஒரு மருந்தைத் தரும், டாக்டர் சொன்ன மருந்து அதுதானா என்று அதற்குத் தெரியாது.

இனி, பிளாங்குக்குக் காசு பிடிப்பவர். ஒழுங்கான இடங்களில் பிளாங்க் உள்ள ஃபைல் க்யூஏ-வுக்குப் போகும், அவர்கள் கேட்டு நிரப்புவார்கள், அதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம். க்யூஏ-வுக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்குப் போகும் ஃபைலுக்குப் பல இடங்களில் லைன் ரேட் (டைப் செய்யும் ஒரு வரிக்கான கூலி) கூடுதல். நடுவில் இருப்பவர் அந்த வித்தியாசத்துக்காக உங்களை ஊகிக்க வைக்கிறார். ஊகம் தப்பினால் பழி உங்கள் மேல், தப்பாவிட்டால் லாபம் அவருக்கு. பிளாங்க் குறித்த விதியை மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குவார், பாருங்கள். நீங்கள் வேலை செய்யும் லாகின் உங்கள் பெயரில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒருவருடைய ஐடியில் நாலு பேர் உட்கார்ந்து டைப் செய்யும் ஏற்பாடு என்றால், அசல் கம்பெனிக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. சம்பளப் பாக்கி வந்தால் போய்க் கேட்க இடமும் இருக்காது. டெபாசிட், ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், ஒரிஜினல் சர்டிஃபிகேட் இந்த மூன்றில் எதைக் கேட்டாலும் அந்த வேலை வேண்டாம். பயிற்சி கொடுத்து நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று விளம்பரம் செய்பவர்களும் இதே ரகம்தான். உத்தரவாதம் தர அவர்களிடம் வேலையே இருக்காது.

இவ்வளவுக்கும் மூலகாரணம் வேறு. டைப் ஆகி வந்த ரிப்போர்ட்டைத் திரும்பப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டியது டாக்டர். 'டிக்டேட் செய்தது, படித்துப் பார்க்கவில்லை' என்று ஒரு வரியை ரப்பர் ஸ்டாம்ப் போலப் போட்டு அனுப்பும் வழக்கம் அங்கே எத்தனையோ காலமாக இருக்கிறது. லைனுக்குச் சில பைசா வாங்கும் பெண்ணின் காதை நம்பி ஒரு மருத்துவமனை இயங்குவது எந்த ஊர் நியாயம்?

ஸ்டைல் கேள்விக்குப் பதில் சின்னது. க்யூஏ சொன்னது இரண்டுமே சரி. சர்க்கரை நோயின் வகையை 1997-லிருந்து சாதாரண எண்ணில்தான் எழுதுகிறார்கள், கேன்சர் ஸ்டேஜ் ரோமனில். பார்க்கின்சன் நோய்க்கு அப்பாஸ்ட்ராஃபி போடுவதா வேண்டாமா என்பதெல்லாம் அக்கவுண்டுக்கு அக்கவுண்ட் மாறும், அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். சில விதிகளை மட்டும் எந்த அக்கவுண்டிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். 5 மில்லிகிராமை 5.0 என்று எழுதினால், புள்ளி தெரியாதபோது 50 ஆகிவிடும். அரை மில்லிகிராமை முன்னால் பூஜ்யம் இல்லாமல் எழுதினால் 5 ஆகிவிடும். யூனிட் என்பதற்கு 'U' என்று ஓர் எழுத்துச் சுருக்கம் போட்டால், அதைப் பூஜ்யமாகப் படித்துவிடுவார்கள். 'தினமும்', 'ஒருநாள் விட்டு ஒருநாள்' இரண்டுக்கும் உள்ள சுருக்கங்களும் ஒன்றுபோல் இருப்பவை. மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2004-லேயே இவற்றைத் தடைப் பட்டியலில் போட்டுவிட்டது. டாக்டர் சுருக்கிச் சொன்னாலும் நீங்கள் விரித்து எழுதுங்கள்.

மற்ற எல்லாவற்றுக்கும் அந்த அக்கவுண்டின் ப்ரொஃபைல் ஷீட்தான் (எதை எப்படி எழுத வேண்டும் என்று அவர்கள் தரும் விதித்தாள்) கடைசி வார்த்தை; ஸ்டைல் புத்தகம் அதற்கு அப்புறம். ஷீட் உங்களிடம் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். தராமலேயே மார்க் குறைத்தால், எந்த விதிப்படி குறைத்தீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் மெயிலில் கேளுங்கள், அந்த மெயில்களை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.