கற்பனை நகரத்தைக் கட்டிய திமிர் பிடித்த மேதை ஒருத்தியை நம்பும்படி எழுதுவது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: கற்பனை நாவல். மலையடிவாரத்தில் புதிதாக எழுந்த ஒரு நகரம். அதைக் கட்டியவர்களில் முக்கியமானவள் ஒரு பெண் அறிஞர். மகா மேதை, மகா திமிர்க்காரி. ஆனால் எழுதிப் பார்த்தால் சீரியல் வில்லி மாதிரி வருகிறாள். என்ன செய்வது?

அவளுக்கு நீங்கள் இன்னும் வேலை கொடுக்கவில்லை என்று தோன்றுகிறது. "சகல கலைகளும் கற்றவள்" என்று அறிமுகப்படுத்திவிட்டு, சபையில் நாலு பேரை மட்டம் தட்டவிட்டால் அவள் வில்லியாகத்தான் தெரிவாள். மட்டம் தட்டுவதைக் குறைத்து, மட்டம் பார்க்க வையுங்கள்.

நகரம் கட்டுவதில் பல வேலைகள் உண்டு. மதில், தெரு, களஞ்சியம், கழிவுநீர், தண்ணீர். இவற்றில் ஒன்றை மட்டும் அவளுடையதாக ஆக்குங்கள். என் தேர்வு தண்ணீர்தான். மதில் சாய்ந்தால் மேஸ்திரிக்கே தெரிந்துவிடும், தூக்குக்குண்டு போட்டுப் பார்த்து அவரே சண்டைக்கு வருவார். தண்ணீர் வரும் வாய்க்காலின் சரிவு கண்ணுக்குத் தெரியாது. பிரான்ஸின் நீம் நகரத்துக்கு ரோமானியர் கட்டிய நீர்வழி சுமார் 50 கி.மீ. நீளம். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 12.6 மீட்டர்தான். சராசரியாகப் பார்த்தால் 10 மீட்டருக்கு இரண்டரை மில்லிமீட்டர் இறக்கம். பக்கத்தில் நின்று பார்ப்பவனுக்குத் தண்ணீர் மேட்டில் ஏறுவது போலக்கூடத் தோன்றும். ஊரில் வேறு யாராலும் சரிபார்க்க முடியாத ஒரு கணக்கு ஒருத்தியின் கையில் இருந்தால் திமிர் தானாக வளரும். அதற்குச் சின்ன வயதில் அவமானப்பட்டாள் என்று ஒரு பிளாஷ்பேக் தேவையே இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 40,000 பேர் வாழும் நகரம் என்று வையுங்கள். குடிக்க, சமைக்க, கழுவ, மாடுகளுக்கு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 40 லிட்டர். நாளைக்கு 16 லட்சம் லிட்டர், வினாடிக்கு 18.5 லிட்டர். அதாவது இடுப்புக் குடத்தில் ஒன்றுக்குச் சற்று மேல் வினாடிதோறும் ஊருக்குள் விழுந்துகொண்டே இருக்கவேண்டும். இதற்கு 40 செ.மீ. அகலமுள்ள, சுண்ணாம்பு பூசிய வாய்க்காலில் 15 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் ஓடினால் போதும். வேகம் வினாடிக்கு 31 செ.மீ. அந்த வேகம் வரக் கிலோமீட்டருக்கு 57 செ.மீ. அளவில் சரிவு வேண்டும், 60 என்று வைத்துக்கொள்ளலாம். ஊற்று 20 கி.மீ. தள்ளி இருந்தால் மொத்த இறக்கம் 12 மீட்டர். சரிவு இதைவிட ரொம்பக் குறைந்தால் வண்டல் தங்கும், ரொம்பக் கூடினால் தண்ணீர் பூச்சை அரித்துவிடும். இந்த எண்களை அப்படியே கதையில் கொட்டாதீர்கள். அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்.

மற்ற எண்களும் அவள் நுனிநாக்கில் இருக்கும், அது போதும். ஹெக்டேருக்கு 200 பேர் என்றால் 200 ஹெக்டேர் நகரம், பக்கத்துக்கு 1.4 கி.மீ., சுற்றுமதில் 5.6 கி.மீ. மதில் 8 மீட்டர் உயரம், 3 மீட்டர் தடிப்பு என்று அரசன் ஆசைப்பட்டால் 1,34,000 கன மீட்டர் கல் வேலை. ஒரு கொத்தனார் நாளைக்கு ஒரு கன மீட்டர் கட்டுவதாக வைத்தாலும் 300 கொத்தனார்களுக்கு 450 வேலை நாள். மழைக்காலத்தையும் திருவிழாவையும் சேர்த்தால் இரண்டு வருடம். அரசன் "ஆறு மாதம்" என்கிறபோது அவள் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு திமிராகத் தெரியும், ஆனால் வாசகர் அவள் பக்கம் இருப்பார். திமிர்க்காரியைப் பிடிக்கவைக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது: முதல் பாதியில் அவள் சொல்வது ஒவ்வொரு முறையும் சரியாக இருக்கட்டும்.

இனி மட்டம் பார்க்கும் வேலை. ரோமானியரிடம் கொரோபேட்டீஸ் என்று ஒரு மட்டப்பலகை இருந்தது. சுமார் 20 அடி நீளம், இரு முனையிலும் கால், பக்கவாட்டில் தூக்குக்குண்டுகள். காற்றில் குண்டு ஆடினால் பலகையின் மேல் வெட்டியிருக்கும் காடியில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். உங்கள் நகரத்தில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், வேலை செய்யும் விதம் அதுவே. 6 மீட்டர் பலகையை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டு போனால் 20 கி.மீ.க்கு 3,333 தடவை வைக்கவேண்டும். பலகையின் ஒரு கால் வெறும் 1 மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் அதே முனை முன்னால் போகிறது என்றால், பிழை ஒரே பக்கமாகச் சேர்ந்து கடைசியில் 3.3 மீட்டர் ஆகிவிடும். கையில் இருந்ததே 12 மீட்டர். மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் ஏறாது. தீர்வு சுலபம்: ஒரு முறை வைத்தபின் அடுத்த முறை பலகையைத் தலைமாற்றி வைப்பது. ஒரு முறை கூடிய மில்லிமீட்டர் மறுமுறை கழிந்துவிடும். ஆனால் 20 அடிப் பலகையை மலைச்சரிவில் 3,333 தடவை சுற்றித் திருப்புவது ஆட்களுக்கு நரகம்.

இங்கே ஒரு காட்சி தானாகக் கிடைக்கிறது. அவள் போனதும் ஆட்கள் திருப்பாமல் வைக்கிறார்கள். அவள் திரும்பி வந்து பலகையின் ஒரு முனையில் மட்டும் சேறு அப்பியிருப்பதைப் பார்க்கிறாள்.

"எத்தனை தடவை திருப்பினாய்?"

"எல்லாத் தடவையும்தான், அம்மா."

"சேறு மட்டும் திரும்ப மாட்டேன் என்றதா?"

அன்று அளந்த இரண்டு கிலோமீட்டரையும் மறுபடி அளக்கச் சொல்லிவிட்டுப் போகிறாள். கொடுமைக்காரி என்று ஆட்கள் பேசிக்கொள்வார்கள். அவள் செய்தது சரி. இரண்டும் ஒரே காட்சியில் இருக்கவேண்டும்.

குரலுக்கு ஒரு நிஜ மாதிரி வேண்டுமானால், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள சல்டே நகரத்துக்காகச் சுரங்க வாய்க்கால் அமைத்த நோனியஸ் டாடஸைப் பாருங்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டு ராணுவ அளவையாளர். மலையின் இரு புறமிருந்தும் தோண்டக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். சந்திக்கவேண்டிய இரு குழுவும் சந்திக்கவே இல்லை. திரும்ப அழைக்கப்பட்டு வந்தபோது, தோண்டிய இரண்டு துண்டுகளையும் கூட்டினால் மலையின் அகலத்தைவிட நீளமாக இருந்தது. இரு குழுவும் தத்தமக்கு வலப்பக்கமாக விலகியிருந்தன. அளவையாளரைத்தான் வழக்கம்போலக் குறை சொன்னார்கள் என்ற முனகலோடு இவ்வளவையும் கல்லில் வெட்டிவைத்துவிட்டுப் போனார் மனிதர். அந்தக் கல்வெட்டின் தொனிதான் உங்கள் நாயகிக்கு வேண்டியது. கத்தல் கிடையாது. தேதி, அளவு, யார் தப்பு என்ற விவரம், அவ்வளவே. இதற்கு நேர்மாறானவர் சாமோஸ் தீவின் யூபலினோஸ். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் 1,036 மீட்டர் சுரங்கத்தை இரு புறமிருந்தும் வெட்டி இணைத்தவர். சந்திக்கும் இடம் நெருங்கியபோது நேராகவே போகாமல், பிழை இருந்தாலும் இரு பாதையும் ஒன்றையொன்று வெட்டியே தீரும்படி வேண்டுமென்றே வளைத்தார். தன் கணக்கு தவறியிருக்கலாம் என்பதற்கும் சேர்த்து ஒரு கணக்கு. உங்கள் ஆளுக்கு இல்லாதது இதுதான். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள்.

தமிழில் எழுதுவதால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். திமிரை வசனத்தில் வைக்காமல் விளிப்பில் வைக்கலாம். அரசனை "நீர்" என்பாள், வயதில் மூத்த தலைமைக் கொத்தனாரை "நீ" என்பாள். ஊரில் ஒரே ஒருவரை மட்டும் "நீங்கள்" என்பாள். அந்த ஒருவர் யார் என்பது கதையின் ரகசியங்களில் ஒன்றாக இருக்கட்டும். அதேபோல் "நான் கட்டினேன்", "நாங்கள் கட்டினோம்", "நாம் கட்டினோம்" என்ற மூன்றும் தமிழில் மூன்று வேறு மனிதர்கள். முன்னூறு பக்கம் "நான்" என்றே பேசியவள் ஒரே ஒரு இடத்தில் "நாம்" என்று சொன்னால், மன்னிப்பு கேட்கும் காட்சியைத் தனியாக எழுத வேண்டியதில்லை.

புலமைச் செருக்குக்கு ஔவையாரைவிட நல்ல பாடம் கிடையாது. பரிசில் தரத் தாமதித்த அதியமானின் வாசலில் நின்று பாடிய புறநானூறு 206ஐ எடுத்துப் படியுங்கள். "தன் அறியலன்கொல்? என் அறியலன்கொல்?" அவனுக்குத் தன்னைத் தெரியவில்லையா, என்னைத் தெரியவில்லையா என்று வாயிற்காவலனிடம் கேட்கிறார். வசை ஒரு சொல் இல்லை. மூட்டையைக் கட்டியாகிவிட்டது என்கிறார். கோடரியோடு காட்டுக்குள் போகும் தச்சன் பிள்ளைகளுக்கு எந்தப் பக்கமும் மரம் இருப்பதுபோல், எத்திசை போனாலும் அத்திசைச் சோறு. கையில் தொழில் இருப்பவரின் திமிர் இப்படித்தான் பேசும்.

சுண்ணாம்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெறும் சுண்ணாம்பும் மணலும் கலந்த காரை காற்றுப் பட்டுத்தான் இறுகும், தண்ணீருக்குள் இறுகாது. வாய்க்காலுக்குச் செங்கல்லை இடித்த சுர்க்கி வேண்டும். சுண்ணாம்பு, சுர்க்கி, மணல் சம பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். கருகச் சுட்ட செங்கல்லின் பொடி வெறும் மணலுக்குச் சமம், நடுத்தரமாகச் சுட்டதுதான் பிடிக்கும். பூசியபின் வாரக்கணக்கில் ஈரம் காயாமல் விடவேண்டும். முடிசூட்டு விழாவுக்குத் தண்ணீர் வேண்டும் என்று அவசரமாகத் திறந்தால் பூச்சு உரிந்து வரும். அரசனுடன் அவள் மோதும் அத்தியாயம் இதில் இருக்கிறது.

இப்போது அவள் விழும் இடம். பலர் இங்கேதான் சொதப்புகிறார்கள். எதிரி சதி செய்கிறான், பூகம்பம் வருகிறது, இல்லையென்றால் காதல் வந்து அவள் மாறுகிறாள். எல்லாம் வெளியிலிருந்து வருவது. அவள் வீழ்ச்சி அவள் கணக்கின் அழகிலிருந்தே வரவேண்டும். அவள் எதையும் தேவைக்கு மேல் செய்வதில்லை, அதுதான் அவள் பெருமை. நீம் வாய்க்கால் ஆள் இறங்கி நடக்கும் உயரத்தில் இருக்கிறது, "தண்ணீர் நடந்தால் போதும், மனிதன் எதற்கு நடக்கவேண்டும்?" என்று அவள் 40 செ.மீ. அகலத்தோடு நிறுத்தி, மேலே கல் பாவி மண் போட்டு மூடிவிட்டாள். ஊருக்குள் மூன்று நாள் இருப்புக்கு ஒரு குளம் வெட்டலாம் என்று தலைமைக் கொத்தனார் கேட்டார். 40 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம், அவ்வளவுதான். "என் வாய்க்கால் நிற்கும் என்று எதிர்பார்க்கிறாயா?" என்று கேட்டு அந்த வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஊற்று சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருகிறது. தண்ணீர் பளிங்கு மாதிரி. ஆனால் ஊற்றங்கரைப் பெண்களின் பானைகளில் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதை அவர்கள் புளி போட்டுத் தேய்ப்பார்கள். அவள் அந்த வழியாக நூறு தடவை போயிருக்கிறாள், ஒரு பானைக்குள்கூட எட்டிப் பார்த்ததில்லை. நீம் வாய்க்காலையே பல இடங்களில் பெருமளவு அடைத்தது இதே படிவுதான். வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வையுங்கள். ஐம்பது வருடத்தில் இரு பக்கமும் ஐந்தைந்து செ.மீ. போய் அகலம் 30 ஆகிவிடும். சுவரும் சொரசொரப்பாகியிருக்கும். அதே ஆழத்தில் ஓடினால் தண்ணீர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும், ஊர் அதற்குள் இரட்டிப்பாகியிருக்கும். சுரண்ட வேண்டுமென்றால் ஓட்டத்தை நிறுத்தவேண்டும். நிறுத்தினால் குடிக்க ஒரு சொட்டு இருப்பு கிடையாது. குளம் இருந்தாலாவது மூன்று மூன்று நாளாக, துண்டு துண்டாகச் செய்யலாம்.

முப்பது வயதில் வாய்க்காலைத் திறந்தவளுக்கு அப்போது எண்பது வயது. அவளையே வரவழையுங்கள். மூடுகல் ஒன்றைத் தூக்கி, படிவில் கையகலத் துண்டு உடைத்துக் கொடுக்கிறார்கள். அதன் வெட்டுமுகத்தில் மரத்தின் வளையம் மாதிரி வெளிறியதும் கறுத்ததுமாக அடுக்குகள் இருக்கும், பருவத்துக்குப் பருவம் படிந்தவை. அவள் யாரிடமும் எதுவும் பேசாமல் அதை நகத்தால் எண்ணத் தொடங்கட்டும். ஐம்பது வரை எண்ணி முடித்ததும், ஊற்றங்கரைக் கிழவியிடம் பானையை எப்படித் தேய்ப்பீர்கள் என்று கேட்கட்டும். "தேய்ப்பாய்" என்று எழுதிவிடாதீர்கள்.