பெட்டிக்கு 180 ரூபாய் போதுமா?

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். சேர்ந்து 4 வருடம் 5 மாதம் ஆகிறது, சம்பளம் 18,500 ரூபாய். சொந்த ஊர் கருங்கல் பக்கம். பாட்டியிடம் கற்ற பனையோலை முடைச்சலை வைத்து, மூடி போட்ட வண்ணப் பெட்டிகள் செய்து வாட்ஸ்அப்பில் விற்கிறேன். ஒன்று 180 ரூபாய், மாதம் 40 போகிறது. முழு நேரமும் இறங்கினால் சம்பளத்தைத் தாண்டிவிடலாம் என்று தோன்றுகிறது. அம்மா அழுகிறார். வேலையை விடலாமா?
– வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: இப்போது விடாதீர்கள். உங்கள் கைவேலையில் குறை இல்லை, விலையில்தான் இருக்கிறது.

40 பெட்டிக்கு 7,200 ரூபாய் வருகிறது. அது வரவு, வருமானம் அல்ல. அலுவலகத்தில் தினமும் பிரித்து எழுதும் இந்த இரண்டையும் வீட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். ஓலை, சாயம் 25 ரூபாய், அட்டைப்பெட்டி, டேப் 15 ரூபாய் என்று வைத்தால் கையில் நிற்பது 140. அடுத்து நேரம். ஓலை கிழித்து ஈர்க்கு எடுக்க 20 நிமிடம், முடைய ஒன்றரை மணி, விளிம்பு கட்டி மூடி பொருத்த 25 நிமிடம், போட்டோ எடுத்து, பதில் அனுப்பி, பார்சல் கட்ட 25 நிமிடம் என்று கொண்டாலும் பெட்டிக்கு 2 மணி 40 நிமிடம். அதாவது மணிக்கு 52 ரூபாய். உங்கள் வேலையிலோ மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி என்றால் மணிக்கு 89 ரூபாய். இதே விலையில் 18,500 எடுக்க 132 பெட்டி வேண்டும். அதற்கு 352 மணி நேரம் ஆகும். முழு நேர வேலைக்கே மாதம் 208 மணிதான்!

விலையை 300 ஆக்குங்கள். பத்தில் ஒன்று கெட்டுப்போகும் என்று கழித்தாலும் முடைந்த பெட்டிக்குச் சராசரி 230 ரூபாய் நிற்கும். 80 முடைந்தால் ஏறக்குறைய சம்பளத்தை எட்டலாம். கடையில் வைத்து விற்க 30 சதவீதம் கமிஷன் கேட்டால் அங்கே விலை 430. 300 என்றதும் இப்போதைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் விலகலாம். விலகட்டும். கல்யாண வீட்டுத் தாம்பூலம், மார்த்தாண்டம் தேன் போத்தல் வைக்கும் பெட்டி, கிறிஸ்துமஸ் கேக் பெட்டி என்று 50, 100 ஆகக் கேட்பவர்களைத் தேடுங்கள். பாதிப் பணம் முன்பணமாக வராமல் ஓலையைத் தொடாதீர்கள். கடவம் என்னும் பெரிய ஓலைக்கூடை முடையத் தெரிந்த பெண்கள் உங்கள் பக்கத்தில் இருந்தால், அடிப்பாகத்தை அவர்களிடம் பெட்டிக் கூலிக்குக் கொடுத்து, மூடி, நிறம், விற்பனையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கூலி போக என்ன மிஞ்சும் என்பதையும் இதே முறையில் எழுதிப் பாருங்கள்.

அடுத்தது மழை. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கும் ஈரம் டிசம்பர் வரை விட்டுவிட்டு இருக்கும். முடைவதற்காக நனைத்த ஓலை உள்ளே முழுக்கக் காயாமல் பிளாஸ்டிக் கவரில் போனால், வாங்கியவர் பிரிக்கும்போது பூஞ்சணம் பூத்திருக்கும். கரும்புள்ளி விழுந்த பெட்டியை எவ்வளவு துடைத்தாலும் தடம் போகாது, பணத்தைத் திருப்பித்தான் கொடுக்க வேண்டும். ஓலையை ஊறப் போடாதீர்கள், ஈரத்துணியில் சுற்றி வைத்தாலே வளையும். ஊறிய ஓலை காயும்போது சுருங்கி, பின்னலில் இடைவெளி விழும். காய்ந்த ஓலையை மடித்தால் சலசலக்கும், துணிபோல மடங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. சாயம் போட்டதை நிழலில் காயவைத்து, நனைந்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் மறுபடி அலச வேண்டும். பனையேறிகள் மரமேறும் கோடையிலேயே ஆறு மாதத்துக்கான குருத்தோலையைச் சொல்லிவைத்து வாங்கி, காயவைத்து, பலகை மேல் அடுக்கிவிடுங்கள். ஒரு மழைக்காலத்தை வேலையில் இருந்துகொண்டே தாண்டிப் பாருங்கள்.

இன்னும் 7 மாதம் பொறுத்தால் 5 வருடம் நிறைகிறது. அப்போது பணிக்கொடை உண்டு: கடைசி அடிப்படைச் சம்பளம், அதோடு பஞ்சப்படி, இரண்டையும் கூட்டி 15 ஆல் பெருக்கி, 26 ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்க வேண்டும். கூட்டுத்தொகை 12,000 என்றால் 34,615 ரூபாய். இன்று ராஜினாமா கொடுத்தால் அது போய்விடும். பி.எஃப். பணத்தையும் 5 வருடம் ஆகும் முன் எடுத்தால் வரி விழலாம். 21,000 ரூபாய்க்குக் கீழ்ச் சம்பளம் என்பதால் பெரும்பாலும் இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு இருக்கும், வேலையை விட்டபின் அதுவும் கொஞ்ச காலத்தில் நின்றுவிடும். அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவக் காப்பீட்டை இப்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருப்பு இருக்கும்.

கடன் இந்த வருடம் வேண்டாம். இயந்திரம் இல்லாத தொழிலுக்கு மானியத்தை நினைத்துத் தவணை கட்டுவது வீண் பாரம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், செய்து வையுங்கள். பதிவு செய்து தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் போகாதீர்கள். மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. இணையச் சந்தையிலோ திருவனந்தபுரத்துக்கோ விற்கத் தொடங்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அம்மாவிடம் வாதாட வேண்டாம். ஒரு நோட்டில் மாதாமாதம் மணி நேரம், செலவு, மிச்சம் மூன்றையும் எழுதி அவர் கையிலேயே கொடுங்கள். வீட்டுச் செலவு 6 மாதத்துக்கு வங்கியில் சேர்ந்து, மழை மாதங்களையும் சேர்த்துத் தொடர்ந்து 4 மாதம் மிச்சம் 12,000 தாண்டினால் ராஜினாமா கடிதம் எழுதலாம். கோட்டாறு சவேரியார் திருவிழா நவம்பர் கடைசியில் தொடங்கும், அதை ஒட்டியே கிறிஸ்துமஸ். அந்த ஆர்டர்களுக்கு மாதிரிப் பெட்டி ஆகஸ்டிலேயே பேக்கரிகளின் மேஜையில் இருக்க வேண்டும்.