பெல்ட் அறுந்தது, பில் யாருக்கு?

கேள்வி: என் டீசல் காருக்குப் போன வருஷம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டைமிங் பெல்ட் மாற்றினேன். 14 மாதம், 22,000 கி.மீ. ஓடியிருக்கும். நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலையில் போகும்போது எஞ்சின் சட்டென்று நின்றுவிட்டது. பெல்ட் அறுந்து வால்வெல்லாம் வளைந்திருக்கிறது. மாற்றினவர் "பெல்ட் சரக்கு சரியில்லை" என்கிறார். பெல்ட் கம்பெனி ஆள் "மாட்டினது சரியில்லை" என்கிறார். நான் யாரைப் பிடிப்பது?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: டைமிங் பெல்ட் என்பது கிராங்கையும் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) கேமையும் (வால்வைத் திறக்கும் தண்டு) சேர்த்து ஓட்டும் பல் வைத்த ரப்பர் பெல்ட்; அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதிவிடும். முதலில் அறுந்த பெல்ட்டைப் பிடியுங்கள். குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டால் உங்கள் வழக்கும் அதோடு போச்சு. பெல்ட், டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை), ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை), வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் கழற்றும்போதே போட்டோ எடுத்து, ஒரு பையில் கட்டி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அறுந்த இடத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரியும். கத்தியால் வெட்டினதுபோல நேராக அறுந்திருந்தால், மாட்டும் முன்போ மாட்டும்போதோ பெல்ட்டை மடக்கியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் பலமாகும். உள்ளே இருக்கும் கண்ணாடி இழை அப்போதே முறிந்துவிடும், அறுவது பிறகுதான். ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்து நூல் நூலாகத் தொங்கினால் டென்ஷனரோ ஐட்லரோ கோணலாக நின்றிருக்கிறது. பெல்ட் முழுசாக இருந்து ஒரே இடத்தில் பல் மட்டும் உதிர்ந்திருந்தால், பம்ப் அல்லது பேரிங் ஜாம் ஆகியிருக்கலாம், டென்ஷன் தளர்வாகவும் இருந்திருக்கலாம்; ஒவ்வொன்றையும் கையால் சுற்றிப் பாருங்கள். எண்ணெயில் ஊறி உப்பியிருந்தால் ஆயில் சீல் கசிந்திருக்கிறது. பெல்ட் மாற்றிய அன்றே அந்த சீலைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது பழைய பில். அதில் பெல்ட் மட்டும் இருக்கிறதா, டென்ஷனர், ஐட்லரும் இருக்கின்றனவா? பழைய பேரிங்கை விட்டுவிட்டுப் புது பெல்ட்டை மட்டும் போட்டு, அந்த பேரிங் இறுகி பெல்ட் போயிருந்தால், ஒர்க்‌ஷாப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் "பெல்ட் மட்டும் போதும், செலவைக் குறை" என்று நீங்கள் சொல்லி, அதை ஜாப் கார்டில் எழுதி உங்களிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தால், பாரம் உங்கள் பக்கம் சாய்ந்துவிடும். (நம் ஊரில் அதை எழுதி வாங்குகிறவர்கள் குறைவு, அது உங்களுக்கு நல்லது.)

பெல்ட்டையும் ஒர்க்‌ஷாப்பே போட்டு பில் கொடுத்திருந்தால், "சரக்கு சரியில்லை" என்ற பேச்சு உங்களுக்கு வேண்டாத கதை. அவர்தான் உங்களுக்குப் பொறுப்பு. கம்பெனியிடம் அவர் கேட்டுக்கொள்ளட்டும். நீங்களே கடையில் வாங்கிக் கொடுத்திருந்தால் இரண்டு பேரையும் எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும்.

சம்பந்தமில்லாத இன்னொரு மெக்கானிக்கிடமோ ஆட்டோமொபைல் எஞ்சினியரிடமோ எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி) கழற்றும்போது பழைய ஒர்க்‌ஷாப்காரரையும் வரச்சொல்லி எழுத்தில் கூப்பிடுங்கள். வராவிட்டாலும் கூப்பிட்டதற்குச் சான்று இருக்கும். பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ். மசியாவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒர்க்‌ஷாப் வெளி மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். கெடு 2 வருஷம். வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசிப் பார்ப்பதும் நல்லது.

வண்டி வாடகைக்கு ஓடுகிறதென்றால், பிழைப்புக்காக நீங்களே ஓட்டும் வண்டியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் "வணிக நோக்கம்" என்று எதிர்தரப்பு மடக்கும். இன்சூரன்ஸை நம்பாதீர்கள். சாதாரண பாலிசியில் இயந்திரப் பழுது சேராது.

கேள்வி: 2012-இல் வாங்கிய கார், 38,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. பெல்ட் மாற்ற வேண்டுமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மாற்ற வேண்டும், உடனே. கெடு கி.மீ., வருஷம் இரண்டில் எது முந்துகிறதோ அதுதான். வண்டிக்கு வண்டி 60,000-லிருந்து 1,50,000 கி.மீ. வரை வேறுபடும், உங்கள் கையேட்டில் உள்ள எண்ணே செல்லும். ஓடாமல் நின்றாலும் ரப்பர் கிழடாகும். அக்னி நட்சத்திர வெயிலும் ராதாபுரம் பக்கத்துச் செம்மண் புழுதியும் சேர்ந்தால், கெடுவுக்குக் கொஞ்சம் முன்பே மாற்றுவதுதான் எங்கள் பரிந்துரை. கீழ்க் கவர் உடைந்திருந்தால் புழுதி நேரே பெல்ட்டுக்குத்தான் போகும். அதையும் மாற்றுங்கள்.

கேள்வி: பெல்ட் மாற்றும்போது பக்கத்தில் நின்று என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், வள்ளியூர்

பதில்: எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டும். முதல் சிலிண்டரின் பிஸ்டனை டாப்பில் (உச்சியில்) நிறுத்தி, கிராங்குக்கும் கேமுக்கும் லாக்கிங் பின் (அசையாமல் பிடிக்கும் கம்பி) போட வேண்டும். பெயின்ட் குறியை மட்டும் நம்பி மாட்டுகிறவரிடம் "பின் இல்லையா?" என்று கேட்பதில் தப்பில்லை. பழைய பெல்ட் கழன்றபின் கிராங்கையோ கேமையோ தனியாகச் சுற்றக் கூடாது.

டென்ஷனர், ஐட்லர் புதுசு. வாட்டர் பம்பை இதே பெல்ட் சுற்றும் எஞ்சினில் பம்ப்பும் புதுசு. அது பிறகு கசிந்தால் மறுபடி அதே கூலி. புது பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் ஓடும் திசையில் இருக்கணும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றினால் தடுத்துவிடுங்கள். தளர்ச்சி முழுவதும் டென்ஷனர் பக்கம் வர வேண்டும்.

முக்கியமானது இனிமேல்தான். ஸ்பேனர் போட்டுக் கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று வரும். நடுவில் "டக்" என்று நின்றால் பலம் கொடுக்கக் கூடாது. பிஸ்டன் வால்வைத் தொடுகிறது. கிராங்க் போல்ட்டை டார்க் ரெஞ்ச்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வகை போல்ட் என்றால் புதுசு.

கேள்வி: என் வண்டியில் பெல்ட்டா செயினா என்று எப்படித் தெரியும்?
– வாசகர், களக்காடு

பதில்: எஞ்சின் ஓரத்தில் பிளாஸ்டிக் கவர் இருந்தால் பெரும்பாலும் பெல்ட்; போல்ட் போட்டு எண்ணெய் கசியாமல் அடைத்த உலோகக் கவர் என்றால் பெரும்பாலும் செயின். மாருதி 800, பழைய சான்ட்ரோ, டீசல் இண்டிகா, டீசல் டஸ்டர் பெல்ட். மாருதியின் கே-சீரிஸ் செயின். ஃபோர்டின் 1.5 டிராகன் பெட்ரோல் எஞ்சினில் எண்ணெய்க்குள்ளேயே பெல்ட் ஓடும். அதற்குச் சொன்ன ரக ஆயிலைத் தவிர வேறு ஊற்றக் கூடாது. பழைய 2.5 டீசல் இன்னோவா வாங்குகிறவர்கள், டேஷ்போர்டில் பெல்ட் விளக்கு (பெல்ட் மாற்றும் கெடுவை நினைவூட்டுவது) எரியவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். பெல்ட் மாற்றாமலே அந்த விளக்கை அணைத்துவிடலாம். பில்லைக் கேளுங்கள்; பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.