வானவில்லின் வயலட் அச்சில் ஏன் இருண்டுவிடுகிறது?

கேள்வி: சிறுவர் அறிவியல் நூலுக்கு வானவில் பக்கம் ஒன்றை வடிவமைத்துள்ளேன். திரையில் பளிச்சென்றிருக்கும் வயலட், ப்ரூஃபில் (சோதனை அச்சில்) இருண்ட நீலமாகி, அருகிலுள்ள இண்டிகோவோடு (நீலத்துக்கும் வயலட்டுக்கும் இடைப்பட்ட நிறம்) கலந்துவிடுகிறது. அச்சகத்தின் குறையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. வானவில்லின் வயலட் என்பது சுமார் 450 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளமுள்ள ஒளி. உங்கள் திரையிலும் அந்த ஒளி இல்லை. நம் கண்ணுக்கு அது செம்மையோடிய நீலமாகத் தெரிவதால், நீலத்தோடு சிவப்பைச் சேர்த்துத் திரை அதைப் போலியாகக் காட்டுகிறது.

அச்சில் நிலைமை இன்னும் மோசம். வண்ண அச்சின் அடிப்படை மைகளில் சயான் (பச்சையோடிய நீலம்) சிவப்பு ஒளியை மட்டும், மெஜந்தா (நீலமோடிய சிவப்பு) பச்சை ஒளியை மட்டும் விழுங்க வேண்டும் என்பது கணக்கு. நடைமுறையில் மெஜந்தா நீல ஒளியிலும் ஒரு பங்கை விழுங்கிவிடுவதால், இரண்டும் முழு அளவில் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் வயலட்டுக்குத் தேவையான நீலமே குறைந்து, நிறம் கறுத்துப்போகிறது. ஆகவே மெஜந்தாவை 90-100 விழுக்காட்டில் வைத்து, சயானை 65-75க்கு இறக்குங்கள். மஞ்சளும் கறுப்பும் சுழியாகவே இருக்கட்டும். இண்டிகோவுக்குச் சயானை 100 ஆக்கி, மெஜந்தாவை 80 அளவில் நிறுத்தினால் இரண்டும் பிரிந்து தெரியும்.

இந்த இண்டிகோ தொல்லை நியூட்டன் தந்தது. 1672இல் அவர் எழுதிய கடிதத்தில் முதன்மை நிறங்களாகச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், 'வயலட்-பர்ப்பிள்' என ஐந்தைச் சொல்லி, அவற்றோடு ஆரஞ்சையும் இண்டிகோவையும் சேர்த்தார். பிறகு இசையின் ஏழு சுரங்களுக்கு ஒப்பாக நிறங்களையும் ஏழாகவே வகுத்தார். 1704இல் வெளிவந்த 'ஆப்டிக்ஸ்' நூலில், சிவப்பையும் வயலட்டையும் கலந்தால் கிடைக்கும் பர்ப்பிள்கள் எந்தத் தனி அலைநீள ஒளியையும் ஒத்திருப்பதில்லை என்றும் பிரித்துக் காட்டினார். இத்தகைய பர்ப்பிள்களான, சங்குப் பூச்சியிலிருந்து எடுத்த ரோமானிய அரச நிறத்தையோ, 1856இல் வேதியியலாளர் வில்லியம் பெர்கின் கண்டெடுத்த மாவ் என்ற செயற்கைச் சாயத்தையோ படத்தில் பார்த்து மாதிரி எடுத்தால் வானவில்லின் ஓரம் செம்மையேறிவிடும் என்பதால், அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

மேப்லித்தோ எனும் பூச்சில்லாத தாளில் மை ஊறி மேலும் மங்கும். அந்தப் பக்கத்தை மட்டுமாவது ஆர்ட் பேப்பரில் (வழவழப்பான பூச்சுள்ள தாள்) அச்சிடுங்கள். செலவு கட்டுப்படியானால், ஒரு பிளேட் (அச்சுத் தகடு) கூடுதலாகப் போட்டு, பேன்டோன் நிற அட்டவணையிலுள்ள வயலட்டை ஸ்பாட் கலராக, அதாவது முன்பே கலந்த தனி மையாகக் கேட்கலாம். வெயிலில் வெளுக்காத மையா என்பதை அச்சகத்தில் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள்.