வீட்டுக்குள் வராத 'நன்றி': சில கேள்விகள், என் பதில்கள்

நன்றிப் பயிற்சி என்று தினமும் இரவில் மூன்று நல்ல விஷயம் எழுதச் சொன்னார்கள். மூன்றாவது வாரமே 'குடும்பம், ஆரோக்கியம், வேலை' என்று அதையே திரும்ப எழுதுகிறேன். மனதில் ஒன்றும் ஒட்டவில்லை.

தினமும் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2003-ல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு வாரம் ஒருமுறை வீதம் பத்து வாரம் எழுதியது. தொல்லைகளைப் பட்டியலிட்ட குழுவைவிட இவர்களுக்குத் தங்கள் வாழ்க்கை நிறைவாகத் தெரிந்தது. நீங்களும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுதுங்கள். ஆனால் 'குடும்பம்' என்று எழுதாதீர்கள். 'செவ்வாய்க்கிழமை மழையில் பஸ் வரவில்லை. தம்பி நனைந்துகொண்டே வண்டியோடு வந்து நின்றான்' என்று எழுதுங்கள். யார், என்ன செய்தார், அதற்காக என்ன சிரமப்பட்டார் என்பது இருந்தால் மனதில் ஒட்டும்.

மனைவியிடம் 'நன்றி' என்று சொன்னேன். 'என்னாச்சு உங்களுக்கு?' என்று சிரிக்கிறாள். எனக்கே நாடகம் மாதிரி இருக்கிறது.

அவர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. நம்மிடம் 'நன்றி' மேடைச் சொல். கூட்டம் முடியும்போது நன்றியுரை வாசிப்போம். அதையே அடுப்படியில் சொன்னால் வேற்றாளிடம் பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. ஆனால் அந்தச் சொல் பொருந்தவில்லை என்பதற்காக எதுவுமே சொல்லாமல் இருந்துவிடுகிறோமே, ஆலோசனைக்கு வரும் தம்பதிகளிடம் நான் அதிகம் பார்ப்பது அந்த மௌனத்தைத்தான். குழம்பில் உப்பு குறைந்த அன்று வாய் திறக்கிறோம். சரியாக இருந்த மற்ற 29 நாளும் பேசாமல் எழுந்து கை கழுவுகிறோம்.

நடந்ததைச் சொன்னாலே போதும். 'நேத்து ஆஸ்பத்திரியில நீ கூட இல்லேன்னா நான் திணறிப் போயிருப்பேன்.' 'ரசம் இன்னிக்கு ரொம்ப நல்லா இருக்கு, இன்னும் ஒரு கரண்டி ஊத்து.' இதில் நன்றி என்ற சொல்லே இல்லை, ஆனாலும் அவருக்குப் புரியும். எங்கள் பாட்டி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால்கூட 'மவராசியா இரு' என்பார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ரசத்தைப் பாராட்டிவிட்டுக் கழுவ வேண்டிய பாத்திரம் முழுவதையும் அவரிடமே விட்டுவிட்டுப் போனால் அந்தப் பாராட்டு நிற்காது.

கடன் வாங்கிப் படிக்கவைத்ததும் அப்பாதான், குடித்துவிட்டு அடித்ததும் அவர்தான். இப்போது படுத்த படுக்கையாக இருக்கிறார். பார்த்துக்கொள்கிறேன், ஆனால் நன்றி வரவில்லை. குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

கொல்வதுபோன்ற தீங்கு செய்தவரும் முன்பு செய்த ஒரு நன்மையை நினைத்தால் அந்தத் தீங்கு மறையும் என்கிறது 109-ஆவது குறள். ஆறிய மனதில் அது நடக்கும். ஆறாத மனதை அதட்டி அதை வரவைக்க முடியாது. 'ஃபீஸ் கட்டினார், அதை மறக்கவில்லை. அடித்தார், அதையும் மறக்கவில்லை.' இரண்டும் ஒரே மனதில் இருக்கலாம் தம்பி, அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. அவருக்கு மருந்து கொடுக்கிறீர்கள், பக்கத்தில் இருக்கிறீர்கள். அதற்கு மேல் உங்களிடம் யாரும் கேட்க முடியாது.

பத்தாம் வகுப்பு டீச்சருக்குக் கடிதம் எழுத ஆசை. இத்தனை வருடம் கழித்து எழுதினால் அசட்டுத்தனமாக நினைப்பாரோ?

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 2018-ல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் பெறுபவரின் சங்கடத்தை உண்மையில் இருந்ததைவிட அதிகமாகவும் மகிழ்ச்சியைக் குறைவாகவும் கணித்திருந்தார்கள். எழுதுங்கள். அவர் செய்த ஒரு காரியத்தைக் குறிப்பாகச் சொல்லுங்கள்.

எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் இல்லை. 'இருப்பதை நினைத்துச் சந்தோஷப்படு' என்கிறார்கள்.

உங்களுக்கு இப்போது நன்றிப் பயிற்சி வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவியின் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

தெருவில் குப்பை எடுக்க வரும் அம்மாவுக்குத் தீபாவளிக்குப் பணம் கொடுக்கிறோம். வேறு என்ன செய்யலாம்?

பணம் கொடுங்கள். பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பேரோடு 'அக்கா' சேர்த்துக் கூப்பிடுங்கள். வெயிலில் வந்தால் தண்ணீர் கொடுங்கள், நீங்கள் குடிக்கும் டம்ளரிலேயே. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுங்கள். அவர் கை அதற்குள் போகிறது. உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி இருந்தால் கெட்டியான தாளில் சுற்றித் தனியாக வைத்து, 'இதுல கண்ணாடி இருக்குக்கா' என்று சொல்லிக் கொடுங்கள்.