இசைத்தட்டின் கடைசிப் பாட்டு மட்டும் கரகரக்கிறது. டோன்ஆர்ம் (ஊசியைச் சுமக்கும் நீண்ட கை) உயரத்தை மாற்றினால் சரியாகுமா?

உயரத்தில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். முதல் பாட்டு தெளிவாகவும் கடைசிப் பாட்டு கரகரப்பாகவும் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது கார்ட்ரிட்ஜ், அதாவது ஆர்மின் நுனியில் ஊசி பொருத்திய சின்னப் பெட்டி, உட்கார்ந்திருக்கும் இடத்தைத்தான்.

என்னுடைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 இசைத்தட்டுக் கருவியில் புது கார்ட்ரிட்ஜ் மாட்டியபோது எனக்கும் இதே தொல்லை. உள்பக்கப் பாட்டுகளில் பாடகி 'ச' என்று தொடங்கும் சொல்லெல்லாம் எண்ணெயில் கடுகு போட்டதுபோல் சீறியது. இரண்டு வாரம் ஆர்மின் உயரத்தை மாற்றும் வளையத்தைத் திருகிப் பார்த்தும் சீறல் போகவில்லை. அப்புறம் ஸ்கேல் வைத்து அளந்தால், கார்ட்ரிட்ஜ் 3 மி.மீ. பின்தங்கி நின்றது.

மூலத்தட்டில் பள்ளம் வெட்டும் ஊசி நேர்கோட்டில் உள்ளே நகரும். நம்முடைய ஆர்ம் ஓரிடத்தில் ஊன்றிக்கொண்டு வளைவாக வரும். அதனால் ஊசி பள்ளத்துக்குச் சரியான நேராக இருப்பது இரண்டே இரண்டு இடங்களில்தான். மற்ற இடங்களில் கொஞ்சம் கோணல் இருக்கவே செய்யும். எல்பி என்னும் பெரிய இசைத்தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. ஓடுகிறது, கடைசிப் பாட்டில் 21 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். அதே ஒலி அங்கே நெருக்கிப் பதிந்திருப்பதால் சின்னக் கோணலும் காதில் அடிக்கிறது.

எஸ்எல்-1200 என்றால், ஹெட்ஷெல்லை (கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும் ஆர்மின் முன்துண்டு) கழற்றி, ரப்பர் வாஷர் உட்காரும் விளிம்பிலிருந்து ஊசி முனை வரை 52 மி.மீ. வைத்தால் போதும். மற்ற ஆர்ம்களுக்கு, நடுக்குச்சியிலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. தூரங்களில் கட்டம் போட்ட புரொட்ராக்டர் தாள் (கோணம் சரிபார்க்கும் அளவுத்தாள்) வேண்டும். அச்சிட்டதும் ஸ்கேலால் ஒருமுறை அளந்துவிடுங்கள். பிரிண்டர் பல நேரம் சுருக்கிவிடும். இரண்டு புள்ளியிலும் ஊசி இறங்க வேண்டும், கோடுகளோடு நேராக நிற்க வேண்டும். கார்ட்ரிட்ஜின் உடம்பைப் பார்க்காதீர்கள், ஊசியைத் தாங்கும் அந்த மெல்லிய தண்டைப் பாருங்கள். எனக்கு இதற்கு ஒரு லென்ஸும் டார்ச்சும் தேவைப்பட்டன. சரிபார்த்து முடிக்கும் வரை கார்ட்ரிட்ஜின் திருகை முழுக்க முறுக்காமல், விரலால் தள்ளினால் நகரும் அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஊசி தட்டை அழுத்தும் எடை. கார்ட்ரிட்ஜுக்குச் சொல்லியிருக்கும் கிராமில் வையுங்கள். பயந்து குறைப்பதுதான் தட்டுக்குக் கெடுதல்: எடை போதாத ஊசி பள்ளத்தில் துள்ளி, சுவரைக் கீறும்.

உயரம் கடைசியில். நீங்கள் வழக்கமாகக் கேட்கும் தடிமனுள்ள தட்டில் ஊசியை இறக்கி, கோடு போட்ட அட்டையை ஆர்முக்குப் பின்னால் நிறுத்துங்கள். ஆர்ம் கோட்டுக்கு இணையாக இருந்தால் சரி. 230 மி.மீ. ஆர்மில் பின்பக்கத்தை 1 மி.மீ. உயர்த்தினால் ஊசியின் கோணம் கால் டிகிரிதான் மாறும். தட்டுக்குத் தட்டு மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். மாற்றினால் எடையை மறுபடி சோதியுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கரகரப்பு இருந்தால், அதிகம் ஓடாத வேறொரு தட்டைப் போட்டுக் கேளுங்கள். அது தெளிவாக இருந்தால், பழைய தட்டின் பள்ளமே தேய்ந்துவிட்டது.